மடிப்பு வெட்டாத தாள்

பிரசங்கம் பண்ணப் பழகும் பிள்ளைகள் இப்போதெல்லாம் என் வீட்டுக்கு வந்தால் குடையை மடக்குவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள், எந்த வேத வியாக்கியான வரிசையை வாங்கலாம் ஐயா என்று. கையில் தபாலில் வந்த விலைப்பட்டியல் இருக்கும். முழு வரிசையும் வாங்குகிறவருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இனாம் என்று அதில் படம் போட்டிருக்கும். பிள்ளைகள் புத்தகத்தைப் பற்றிக் கேட்கிறார்களா, அலமாரியைப் பற்றிக் கேட்கிறார்களா என்று சில நேரம் எனக்குப் பிடிபடுவதில்லை. நான் உடனே பதில் சொல்வதில்லை. என்ன வசனம் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கிழவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

என் காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வி என்னுடையதன்று, நல்லதம்பி ஐயாவுடையது. அவர் பார்த்துக்கொண்ட புத்தகசாலையில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தேன். அவர் போனபிறகு அந்தக் கேள்வியைக் கேட்க வேறு ஆள் இல்லாததால் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிராம் வண்டிக்கு மின்சாரம் வந்த புதிது அது. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மரநிழல் மூடிய ஒரு சந்தில் மிஷன் புத்தகசாலை இருந்தது. கீழே பாடப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் விற்போம். மாடியில் ஒரு நீண்ட மேஜை, அதைச் சுற்றி வியாக்கியானங்கள். மத்தியானத்தில் மழை வந்துவிட்டால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். ஓட்டின் மேல் மழை விழ, பலகணி வழியாகப் பச்சை வெளிச்சம் வந்து மேஜையில் படுத்திருக்கும். கற்பூரமும் புதுத் துணிக்கட்டும் பழைய பசையும் கலந்த வாசனை. இன்றைக்கும் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது அந்த வாசனை எங்கிருந்தோ வருகிறது, நானும் எழுந்திருக்காமல் அந்த மாடியிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன்.

திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி வந்தவன் நான். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் கொஞ்சம் கையில் இருந்தது. தஞ்சோங் பகார்க் கப்பல் துறையில் பெட்டி இறங்கியதும் மாட்டுவண்டியில் கொண்டுவருவது, தகரம் வைத்து அடைத்த பெட்டியைப் புத்தகத்தில் உளி படாமல் திறப்பது, பூசணம் பிடிக்காமல் காலை வெயில் காட்டுவது, பூச்சிக்குக் கற்பூரம் வைப்பது, இவற்றைக் கற்பதில் முதல் வருஷங்கள் போயின. அவற்றில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

நல்லதம்பி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். குருப்பட்டத்துக்குப் படித்து, ஏதோ காரணத்தால் பட்டம் வாங்காமல் நின்றுவிட்டவர். காரணத்தை அவர் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. வெள்ளைக் கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருப்பார். புத்தகத்தைத் தொடும் முன் கை கழுவித் துடைத்துக்கொள்வார். கேட்ட கேள்விக்குப் பதில் வர வெகுநேரம் ஆகும். பதில் வராது என்று முடிவுகட்டி நான் ஏணியில் ஏறிய பிறகு, கீழேயிருந்து சொல்லுவார். அதற்குள் நான் கேட்டதையே மறந்திருப்பேன்.

வியாக்கியானம் வாங்க வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது இதுதான்.

"வசனம் கொண்டு வந்தனீங்களோ?"

உங்களை உறுத்துகிற ஒரு வசனம், எத்தனை முறை வாசித்தாலும் தொண்டையில் நிற்கிற ஒரு வசனம் வேண்டும் என்பார். அது இல்லாமல் வந்தவருக்கு அன்றைக்கு வரிசைகளைக் காட்டமாட்டார். மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து, நாளைக்கு வாங்கோ என்று அனுப்பிவிடுவார். பெரிய துரைமாரையும் அப்படி அனுப்பியிருக்கிறார். வாசற்படியில் நின்று அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போவதைக் கேட்க எனக்குச் சிரிப்பாக வரும்.

வசனத்தோடு வந்தவரை மாடிக்கு அழைத்துப் போவோம். எங்களிடம் பெரிய வரிசைகள் மூன்று இருந்தன. அட்டையின் நிறத்தைக் கொண்டே அவற்றைச் சொல்லுவோம். சிவப்பு வரிசை பிரசங்கிகளுக்கு ஏற்றது. ஒவ்வொரு வசனத்துக்கும் தலைப்பு, கிளைத்தலைப்பு, கண்ணீர் வரவழைக்க ஒரு கதை என்று சமைத்துப் பரிமாறியே வைத்திருக்கும். கறுப்பு வரிசை பழங்காலத்துப் பக்திமான் ஒருவர் எழுதியது. எந்தத் துன்பத்தைக் கண்டாலும் அதற்கு ஒரு பாவத்தைத் தேடிக் கொடுத்துவிடும். நீல வரிசை கல்லூரிப் பண்டிதர்கள் வேதத்தில் ஆளுக்கொரு ஆகமமாக எழுதியது. எபிரெய எழுத்தும் கிரேக்க எழுத்துமாக முள்ளுக்காடு.

அந்த நாளில் பல புத்தகங்கள் சீமையிலிருந்து தாளின் மடிப்பு வெட்டாமலே வரும். இரண்டு தாள்கள் விளிம்பில் சேர்ந்தே இருக்கும். வாங்கினவர் கத்தியால் பிரித்துப் படித்துக்கொள்ள வேண்டியது. வெட்டினால் புத்தகம் பழசு என்று ஆகிவிடும் என்பதால், வந்தவருடைய வசனம் இருக்கும் இடத்தை மட்டும் நல்லதம்பி ஐயா தந்தக் கத்தியால் வெட்டுவார். நூல் பிடித்தாற்போல் இருக்கும் அந்த வெட்டு. மூன்று புத்தகங்களையும் அந்த இடத்தில் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்தவரைத் தனியே விட்டுவிட்டு, உள்ளறைக்குப் போய்விடுவார். எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பலகணிக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்காருகிறீர்களோ அதை வாங்குங்கள் என்பது அவருடைய கணக்கு.

இப்படி எத்தனையோ பேர் வந்து போனார்கள். யோசுவா உபதேசியார் வந்ததைத்தான் நான் மறக்கவில்லை.

தேக்காவுக்குப் பக்கத்தில் எங்கள் தமிழ்ச் சபை இருந்தது. மாட்டுத் தொழுவங்களைத் தாண்டி, செங்கல் சூளைப் புகை வந்து படிகிற இடத்தில் ஒரு சிறிய கோயில். குருவானவர் மலாயாத் தோட்டங்களுக்கும் சேர்த்து ஒருவரே என்பதால் பாதி நாள் அந்தப் பக்கம் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் சாவு வீடும் நோயாளியும் உபதேசியார் பொறுப்பு. நெட்டையானவர், தலையைக் கொஞ்சம் குனிந்தே நடப்பார். பொய் சொல்ல வராது அவருக்கு. நல்லெண்ணத்துக்காகச் சொல்லுகிற சின்னப் பொய்யும் வராது, அதனால் அவரோடு பேசுவது சிலருக்குச் சங்கடம்.

அந்தச் சபையில் ஞானம்மாள் என்று ஒருவர். புருஷன் தஞ்சோங் பகார்க் கப்பல் துறையில் கணக்கெழுதும் கிராணி. ஞானம்மாள் வீட்டில் தையல் மிஷின் வைத்து வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுப்பார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஆண்குழந்தை ஒரு வாரம்கூட இருக்கவில்லை. குருவானவர் தோட்டங்களுக்குப் போயிருந்தார். ஞானஸ்நானம் கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று உபதேசியார் தயங்கினார், குருவானவரை எதிர்பார்த்துத் துறைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். குருவானவருடைய கப்பல் வந்ததற்கு முந்தின நாள் குழந்தை போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், வேலியை ஒட்டி, லாலாங் புல் மண்டிய இடத்தில் அடக்கம். அடக்க ஆராதனை இல்லை. சபைக் கணக்கில் அந்தக் குழந்தைக்குப் பெயர் கிடையாது. உபதேசியார் தன் வாயால் ஒரு சிறு ஜெபம் சொன்னார், அதிலும் 'இந்தக் குழந்தை' என்றுதான் சொன்னார்.

பெயரில்லாத பிள்ளை மோட்சத்தில் எப்படிச் சேரும் என்று ஊரில் நாலுபேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதெல்லாம் ஞானம்மாள் காதிலும் விழுந்தது.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் சபை வாசகசாலைக்கு ஒரு வியாக்கியான வரிசை வாங்கத் தீர்மானமாகி, தேர்ந்தெடுக்கும் வேலை உபதேசியார் தலையில் விழுந்தது. புத்தகசாலையின் வழக்கம் அவருக்குத் தெரியும். வசனத்தோடு வந்தார். தாவீது ராஜாவின் குழந்தை செத்துப்போகிறது. அதுவரை தரையில் கிடந்து அழுத தகப்பன் எழுந்து குளித்துச் சாப்பிடுகிறான். அது இனி என்னிடம் வராது, நான்தான் அதனிடத்துக்குப் போவேன் என்கிறான். அந்த இடம்தான் உபதேசியார் கொண்டு வந்தது. எதற்காக அந்த இடம் என்று நாங்கள் கேட்கவில்லை.

அவர் கடைக்கு வருவதற்கு முன்பே ஞானம்மாள் அவரிடம் ஒன்று கேட்டிருந்தார். அந்தப் பெரிய புத்தகங்களெல்லாம் தன் பிள்ளையைப் போலப் போன பிள்ளையைப் பற்றி என்ன சொல்லுகின்றன என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும், ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று.

உபதேசியார் விரலை ஓட்டி ஓட்டி மூன்றையும் படித்தார். நீலப் புத்தகத்துக்கு வந்தபோது வெகுநேரம் அசையவில்லை. பலகணிக்கு வெளியேயும் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, நீலம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சபை மூப்பர்களுக்கும் சிவப்பின் மேல்தான் ஆசை. அத்தோடு முடிந்தது என்று நான் புத்தகங்களை மூடி வைத்தேன்.

அது முடியவில்லை. ஞானம்மாளிடம் அவர் மூன்றையும் அப்படியே சொல்லிவிட்டார். சிவப்பு வரிசை, பிள்ளை தேவதூதரோடு பூந்தோட்டத்தில் விளையாடுகிறது என்கிறது. கறுப்பு வரிசை, தகப்பன் செய்த பாவத்துக்குப் பிள்ளை செத்தது என்கிறது. நீல வரிசை, தகப்பன் சொன்னதற்கு அர்த்தம் குழி ஒன்றுதான் என்கிறது. எல்லாரும் மண்ணுக்குப் போவதுபோல நானும் போவேன் என்பதற்கு மேல் அதில் நம்பிக்கை எதுவும் இல்லையாம்.

ஞானம்மாள் சிவப்பை நம்பவில்லை. அதை எழுதினவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாரா என்று கேட்டாராம். கறுப்பு புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, அதைத்தான் அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே சொல்லிவிட்டார்களே. நீலத்தைத்தான் நம்பினார். பசப்பாமல் சொல்லுகிறது, ஆகையால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. மிஷின் சத்தமும் கேட்கவில்லை. புருஷன் துறையிலிருந்து வந்து தானே உலை வைத்துக்கொள்கிறார் என்று பேச்சு. உபதேசியார் இன்னும் குனிந்து நடக்கத் தொடங்கினார்.

ஒரு மத்தியானம், மழை பிடித்த நேரத்தில், உபதேசியாரும் ஞானம்மாளும் கடைக்கு வந்தார்கள். உபதேசியார் முகம் வெளுத்திருந்தது. ஞானம்மாளின் சேலை ஓரம் நனைந்திருந்தது. நல்லதம்பி ஐயா கேட்கும் முன்னே ஞானம்மாள் சொன்னார்.

"அந்த நீலப் புத்தகத்த எனக்குக் காட்டுங்கய்யா. அது எழுதியிருக்கிற எடத்த என் கண்ணால பாக்கணும்."

இங்கிலீஷ் தெரியாதே என்று உபதேசியார் மெதுவாகச் சொன்னார். தெரியாவிட்டால் என்ன, பார்க்கத்தானே வந்தேன் என்றார் ஞானம்மாள். நல்லதம்பி ஐயா இருவரையும் மாடிக்கு அழைத்துப்போய், கை கழுவித் துடைத்துக்கொண்டு, தானே புத்தகத்தை எடுத்து விரித்து வைத்தார். என்னைக் கூப்பிட்டு, வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார்.

நான் சொன்னேன். உபதேசியார் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் குழியும் மண்ணும்தான். ஞானம்மாள் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டார். நான் நிறுத்தியதும், கையை நீட்டித் தாளின் விளிம்பைத் தொட்டார். துணியின் கரையைப் பார்க்கிறவர் எப்படி இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தேய்ப்பாரோ அப்படித் தேய்த்தார்.

"இது ஏன் மடிஞ்சே கெடக்கு? உள்ளயும் எழுத்துத் தெரியுதே."

நான் குனிந்து பார்த்தேன். அடுத்த தாள் வெட்டாமலிருந்தது. வழக்கமாக இரண்டு பக்கத்தில் முடிகிற விளக்கம் என்று கணக்குப் பண்ணி நல்லதம்பி ஐயா வெட்டியிருந்தார். அந்த வசனத்துக்குப் பண்டிதர் அதிகமாக எழுதிவிட்டார். வாங்காத புத்தகத்தின் மடிப்பைப் பிரிப்பது உபதேசியாருக்குக் கனவிலும் தோன்றாது. அதோடு அவர் படித்துப் பழகின வியாக்கியானங்களெல்லாம் எடுத்த எடுப்பில் தீர்ப்பைச் சொல்லிவிடும். பண்டிதர்களுடைய முறையோ வேறு. மற்றவர்கள் சொன்னதை முதலில் ஒழுங்காக எடுத்துவைத்துவிட்டு, அதன்பிறகுதான் தங்கள் வாயைத் திறப்பார்கள். உபதேசியார் கண்டது அடுத்தவர் வழக்கை, அதையே தீர்ப்பு என்று கொண்டுபோய்ச் சொல்லியிருந்தார்.

நல்லதம்பி ஐயா தந்தக் கத்தியை எடுத்தார். எப்போதும்போல் அளவு பார்க்காமல் ஒரே இழுப்பாக இழுத்தார். வெட்டு பிசிறு பிசிறாக விழுந்தது.

"வாசியும் தம்பி," என்றார்.

வாசித்தேன். அவசரப்படாமல், தெரியாத சொல்லுக்கு நல்லதம்பி ஐயாவிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். குழிக்குப் போவேன் என்பது மட்டும் அர்த்தமானால், அதற்காக ஒருவன் எழுந்து குளித்து எண்ணெய் பூசிச் சாப்பிடமாட்டான் என்று பண்டிதர் தொடங்கியிருந்தார். பிறகு இன்னொன்று சொல்லியிருந்தார். குழந்தை ஏழாம் நாளில் செத்தது என்று வேதம் சொல்லுகிறது. பிறந்த நாளிலிருந்து ஏழா, நோய் கண்ட நாளிலிருந்து ஏழா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து என்று கொண்டால், எட்டாம் நாளுக்கு முன்பே போய்விட்டது. எட்டாம் நாளில்தான் அவர்களுடைய ஆண்பிள்ளைக்கு விருத்தசேதனம், நமக்கு ஞானஸ்நானம் போல அன்றைக்குத்தான் உடன்படிக்கையின் அடையாளம். அந்த அடையாளம் இல்லாமல், வேதத்தில் ஒரு பெயரும் இல்லாமல் போன பிள்ளை அது. அந்தப் பிரமாணத்தைக் கைக்கொண்ட தகப்பன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதனிடத்துக்குப் போவேன் என்கிறான். அதற்கு மேல் அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று நமக்குச் சொல்லப்படவில்லை, ஆகவே நானும் நிறுத்துகிறேன் என்று பண்டிதர் முடித்திருந்தார்.

அந்தப் பச்சை வெளிச்சத்தில் நாலுபேரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு நினைவு.

"அப்ப, உறுதியாச் சொல்லலியாய்யா?" என்று ஞானம்மாள் கேட்டார்.

உறுதிதான் அம்மா என்று நல்லதம்பி ஐயா சொல்லிவிட்டால் என்ன என்று இருந்தது. அவர் வழக்கம்போல் நிதானமாக, கடைசி வரியை இன்னொரு முறை படித்தார்.

"இல்லை அம்மா. உறுதியாச் சொல்லேல்லை. தெரிஞ்சதை மட்டும் சொல்லியிருக்கிறார்."

ஞானம்மாள் தலையை ஆட்டினார். பலகணிக்கு வெளியே பார்த்தார். டிராம் மணி ஒன்று எங்கேயோ அடித்துக்கொண்டு போயிற்று. அவர் அழவில்லை, நான்தான் புத்தகத்தைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது உபதேசியார் கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன பேரும்மா?"

அவர் கேட்பார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஞானம்மாளும் நினைத்திருக்கமாட்டார். நனைந்த சேலை ஓரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"தானியேல்னு வெச்சிருந்தேன். யார்ட்டயும் சொல்லல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானம்மாள் கோயிலுக்கு வந்தார். சபையில் இறந்தவர்களை நினைத்துச் செய்யும் ஜெபத்தில் உபதேசியார் மற்றப் பெயர்களோடு தானியேல் என்று சேர்த்துச் சொன்னார். பின்வரிசையில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். குருவானவர் திரும்பி வந்து விசாரித்தபோது, உபதேசியார் எங்களிடம் இரவல் வாங்கிப்போய், நீலப் புத்தகத்தின் அந்தத் தாளை அவர் முன்னால் திறந்து வைத்தாராம். குருவானவர் படித்தார், மூடினார், மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்.

மூப்பர்கள் விடவில்லை. ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்லுகிற புத்தகத்தை வைத்துக்கொண்டு பிரசங்கம் எப்படிப் பண்ணுவது என்று சண்டைக்கு வந்தார்கள். பிரசங்கம் பண்ணுவதற்குச் சிவப்பை நான் சொந்தத்தில் வாங்கிக்கொள்கிறேன், வாசகசாலைக்கு நீலம்தான் என்று உபதேசியார் நின்றார். குனிந்தே நடந்த மனுஷன் அப்படி நிமிர்ந்து நின்றதைப் பார்த்து அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீலம் வாங்கினார்கள். பிசிறாக வெட்டிய அந்தப் புத்தகத்தையும் சேர்த்து, கடையில் இருந்த வரிசையையே நல்லதம்பி ஐயா கொடுத்தார். மாட்டுவண்டியில் நான்தான் கொண்டுபோய் இறக்கினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த வரிசையில் பாதி இன்றுவரை மடிப்பு வெட்டாமலே கிடக்கிறது. சபையார் படிப்பில் அவ்வளவு ஆசை உள்ளவர்கள் அல்ல. தாவீதின் கதை வருகிற சாமுவேல் ஆகமத்துப் புத்தகம் மட்டும் கையிலெடுத்தால் தானாக ஒரே இடத்தில் விரியும். ஞானம்மாள் ஆராதனை முடிந்து சில ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகசாலைக்குள் போவார். யாரையாவது கூப்பிட்டு அந்தப் புத்தகத்தை இறக்கச் சொல்லுவார். உட்கார்ந்து, தாளின் பிசிறு விளிம்பை விரலால் மேலிருந்து கீழே ஒருமுறை தடவிவிட்டு, எழுந்து வீட்டுக்குப் போவார். இங்கிலீஷ் கடைசிவரை அவருக்கு வரவில்லை. வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஞானம்மாளை அடக்கம் பண்ணினோம். வேலியோரத்தில் வையுங்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். புல்லைச் செதுக்கி இடம் பண்ணினார்கள். அங்கிருந்து நான் வாசகசாலைக்குப் போனேன். புத்தகத்தை எடுத்தேன், அது விரிந்தது. பக்கமெல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த விளிம்பு மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, பிசிறெல்லாம் தேய்ந்து, துணிபோல மெத்தென்று ஆகியிருந்தது.

அவர் போய்விட்டார். தானியேலிடத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன், நல்லதம்பி ஐயா இருந்தால் கோபித்துக்கொள்வார். ஆனால் இப்போதெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறேன்.